கத்தோய்ராவின் வைக்கிங் திருவிழா: கோபுரத்துப் பக்கம் நின்று பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், கத்தோய்ரா என்று ஒரு சின்ன ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஆற்றில் பாய்மரக் கப்பல்கள் வரும். கொம்பு வைத்த தலைக்கவசமும் ஆட்டுத்தோலுமாக ஒரு கூட்டம் கத்திக்கொண்டே தண்ணீரில் குதிக்கும். கரையில் முரட்டுத் துணி அங்கி அணிந்த ஊர்க்காரர்கள் மறித்து நிற்பார்கள். இரத்தத்துக்குப் பதில் சிவப்பு ஒயின் ஓடும்.

ஊருக்குள் இதன் பெயர் 'ரொமாரியா விகிங்கா'. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வைக்கிங் திருவிழா என்றுதான் சொல்கிறார்கள், சுவரொட்டியிலும் வைக்கிங்குகள்தான் நாயகர்கள், அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முன் வடக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த கொள்ளைக்காரர்கள். என் கட்சி வேறு. இது வந்தவர்களின் திருவிழா அல்ல, மறித்தவர்களின் திருவிழா. கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல வேடிக்கை கிடைக்கும். கரையில் இருக்கும் பழைய கோட்டைக் கோபுரத்துப் பக்கம் நின்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே டிக்கெட் பகுதிக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். கதை தெரியாமல் போனால், ஏதோ மாறுவேடப் போட்டியும் குடியும் என்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

நில அமைப்பைப் புரிந்துகொண்டாலே பாதிக் கதை வந்துவிடும். கலீசியாவின் கடற்கரையில் கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருக்கும். அந்த நுழைவுகளை 'ரியா' என்கிறார்கள். அவற்றில் பெரியது அரோசா. அதன் உள்முனையில் உல்யா ஆறு வந்து கலக்கிறது. கலக்கும் இடத்தை ஒட்டித் தென்கரையில் கத்தோய்ரா. ஆற்றில் இன்னும் மேலே போனால் பத்ரோன் என்ற ஊர். அங்கிருந்து ஒரு நாள் நடையில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா.

9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஏசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அந்தச் சாந்தியாகோவில் கிடைத்துவிட்டதாகச் செய்தி பரவியது. யாத்திரிகர்கள் வந்தார்கள், காணிக்கை குவிந்தது. யாக்கோபின் உடலைச் சீடர்கள் படகில் கொண்டுவந்த வழியும் இதே அரோசா, இதே உல்யாதான் என்பது ஐதிகம். புனிதர் வந்த வழியிலேயே கொள்ளைக்காரர்களும் வந்தார்கள். வைக்கிங்குகள் இந்தப் பகுதிக்கு வைத்த பெயரே 'யாகோப்ஸ்லாந்து', அதாவது யாக்கோபின் நாடு. எதைக் குறிவைத்து வந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

844இல் முதல் வரவு. வடக்குக் கடற்கரையில் இறங்கியவர்களை மன்னர் முதலாம் ரமீரோவின் படை அடித்துத் துரத்தியது. பெரிய அடி விழுந்தது 968இல். குந்தெரேதோ என்ற தலைவன் நூறு கப்பல்களோடு வந்தான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. சாந்தியாகோவின் ஆயர் (பிஷப்) இரண்டாம் சிஸ்னாந்தோ தாமே படை திரட்டிக்கொண்டு போய், ஃபொர்னெலோஸ் என்ற இடத்தில் அம்பு பாய்ந்து இறந்தார். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர்களை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. வந்தோம், சுருட்டினோம், போனோம் என்ற வகை அல்ல இது. ஒரு நாட்டையே கைக்குள் வைத்திருந்த காலம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே துய் நகரம் சூறையாடப்பட்டது. அந்த மறைமாவட்டத்தையே நடத்த முடியாமல், 1024இல் மன்னர் ஐந்தாம் அல்ஃபோன்சோ அதைச் சாந்தியாகோவோடு சேர்த்தார்.

ஆற்றுவாயை அடைத்தால்தான் சாந்தியாகோ பிழைக்கும். அந்த அடைப்புதான் கத்தோய்ராவின் கோட்டை. லத்தீனில் 'காஸ்தெல்லும் ஹொனெஸ்தி'. மக்கள் வாயில் ஹொனெஸ்தி தேய்ந்து 'ஓயெஸ்தே' ஆகி, இன்று 'தோர்ரெஸ் தே ஓயெஸ்தே'. மேற்குக் கோபுரங்கள் என்று பொருள் வருவது பெயர் தேய்ந்ததால் வந்த தற்செயல். ஐந்தாம் அல்ஃபோன்சோ காலத்தில் வலுப்பெற்று, 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயர் கிரெஸ்கோனியோ கையில் இன்னும் உறுதியானது. ஒரு காலத்தில் ஏழு கோபுரங்கள் இருந்தன என்பார்கள். இப்போது ஓரளவு உயரமாக மிஞ்சி நிற்பவை இரண்டுதான், மற்றவை அடித்தளமும் இடிபாடும்.

இந்தக் கோட்டைக் காவலரின் மகன்தான் தியேகோ கெல்மீரெஸ். 1120இல் சாந்தியாகோவின் முதல் பேராயர் ஆனவர். கடலில் வருகிறவனைக் கரையில் மட்டும் மறித்தால் போதாது என்று, ஜெனோவாவிலிருந்து ஒகேரியோ என்ற கப்பல் கட்டும் ஆசாரியை வரவழைத்து, ஆற்றில் மேலே இரியாவில் போர்க்கப்பல்கள் கட்டவைத்தார். அது தெற்கிலிருந்து வந்த கடற்கொள்ளையருக்கு எதிராக. வைக்கிங் ஓய்ந்த பிறகும் ஆற்றுவாய்க்கு நிம்மதி இல்லை.

இனி முக்கியமான ஒரு விஷயம். திருவிழா நடித்துக் காட்டுவது இவற்றில் எந்த ஒரு போரையும் அல்ல. இருநூறு ஆண்டுப் பயத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். நம் கூத்தில் பதினெட்டு நாள் போர் ஒரே ராத்திரியில் முடிவதில்லையா, அது மாதிரி. ஆகவே எந்த வருடம், எந்தத் தளபதி என்று அங்கே போய்த் தேடாதீர்கள்.

விழாவும் பழையது இல்லை. 1960இல் 'அதெனேயோ தோ உல்யான்' என்ற உள்ளூர் இலக்கிய வட்டத்துக்காரர்கள் தொடங்கிவைத்தார்கள். பிறகு ஊராட்சி எடுத்துக்கொண்டது. 2002இல் பன்னாட்டுச் சுற்றுலா முக்கியத்துவம் உள்ள விழா என்று அரசு அறிவித்தது. 'ரொமாரியா' என்ற சொல்லைக் கவனியுங்கள்: ஊருக்கு வெளியே உள்ள சிறு கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க் கும்பிட்டு, மரத்தடியில் சாப்பிட்டு, ஆடிப் பாடித் திரும்புவது. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போர் நடிப்பு பின்னால் வந்து ஏறிக்கொண்டது, அடியில் இருப்பது அந்த மரத்தடிச் சாப்பாடுதான்.

இரண்டாம் படி: தேதி, அதோடு கடலின் நேரம்

ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்பதில் மாற்றமில்லை. 2027இல் அது ஆகஸ்ட் 1, 2028இல் ஆகஸ்ட் 6. முந்தைய நாட்களிலேயே சந்தை, இசை, நாடகம் என்று ஆரம்பித்துவிடும். கப்பல் இறங்குவது ஞாயிறு நண்பகலை ஒட்டி. சரியான மணியை ஊராட்சி வெளியிடும் நிகழ்ச்சி நிரலில் பாருங்கள், போன வருட நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

2027ஐப் பற்றி ஒரு வார்த்தை. யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் சாந்தியாகோவுக்கு அது புனித ஆண்டு. 2027 அப்படிப்பட்ட ஆண்டு. யாத்திரிகர் கூட்டம் பல மடங்காகும், அறை கிடைப்பது பெரும்பாடு. கூட்டம் பிடிக்காதவர்கள் 2028க்குத் தள்ளிப்போடலாம்.

அடுத்து, ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல். கத்தோய்ராவில் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏறக்குறைய ஆறேகால் மணிக்கு ஒரு முறை ஏற்றமும் வற்றமும் மாறும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் பெரிதாக இருக்கும். அரோசா ரியாவில் உள்ள வில்யகர்சியா துறைமுகத்தின் அட்டவணையை இணையத்தில் எடுத்து அந்த ஞாயிறுக்குப் பாருங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் கப்பல் கரையை நெருங்கி வரும், கரை குறுகலாகி நெரிசல் கூடும். வற்றியிருந்தால் சேறு அகலமாகத் திறந்து கிடக்கும். குதிப்பவர்கள் முழங்கால் வரை புதைந்து எழுந்து வருவார்கள். பார்ப்பதற்கு இரண்டாவதுதான் மேல்.

மூன்றாம் படி: விசாவும் அறையும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக முடித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் ஐரோப்பாவின் விடுமுறை மாதம் என்பதால் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. மற்ற ஆவணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

அறை விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதே வார இறுதியில் பக்கத்தில் இன்னும் இரண்டு விழாக்கள் நடக்கும். கம்பாதோஸ் ஊரில் 'அல்பரீன்யோ' வெள்ளை ஒயின் விழா, 1953 முதல் நடப்பது. பத்ரோனை அடுத்த எர்போனில் முதல் சனிக்கிழமை மிளகாய் விழா. மூன்றுக்கும் சேர்த்து அந்த வட்டாரமே நிரம்பிவிடும். கத்தோய்ராவிலேயே தங்கும் ஆசையை விடுங்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு வில்யகர்சியா தே அரோசா. பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், கடலோரத்தில், ரயில் நிலையத்தோடு இருக்கும் ஊர். அது கிடைக்காவிட்டால் பொந்தேவெத்ரா, அதுவும் இல்லையென்றால் சாந்தியாகோ. இரண்டுமே நாற்பது கிலோமீட்டருக்குள்.

நான்காம் படி: போய்ச் சேர்வது

மாட்ரிட் வரை விமானம். அங்கிருந்து சாந்தியாகோவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விமானத்தில்தான் போவேன் என்றால் சாந்தியாகோவிலேயே விமான நிலையம் இருக்கிறது. போர்ச்சுகலின் போர்த்தோவில் இறங்கி வடக்கே வருபவர்களும் உண்டு.

சாந்தியாகோவிலிருந்து வில்யகர்சியாவுக்கு ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். 2015இல் திறந்த அதிவேகப் பாதை உல்யா ஆற்றை ஒரு நீண்ட பாலத்தில் கடக்கிறது. பாலத்தின் நடுக்கண் மட்டும் 240 மீட்டர். கடக்கிற சில நொடிகளில் கீழே கழிமுகம், கோரைப் புல் மண்டிய சதுப்பு எல்லாம் விரியும். மேலே இருந்து பார்த்தால், இந்த ஓர் இடத்தை அடைத்தால் போதும் என்று எவனோ ஒருவன் கணக்குப் போட்டது சட்டென்று விளங்கும்.

விழா நாளில் காரில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். சாலைகளை மூடிவிடுவார்கள், எங்கோ வயல் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், திரும்பும்போது குடித்தவர்கள் நிறைந்த சாலை. கார் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும், காலை ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். ரயிலில் போகிறவர்கள் கத்தோய்ராவில் எந்தெந்த வண்டி நிற்கும் என்பதை ஸ்பெயின் ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். முக்கியமாகத் திரும்பும் கடைசி வண்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாளே கோபுரங்களைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை கோபுரங்கள் கண்ணில் படும், ஆனால் பார்க்க முடியாது. கூட்டமும் கூடாரமும் மறைத்துவிடும். முடிந்தால் வெள்ளிக்கிழமையே, இல்லையென்றால் சனி காலையில் போய்விடுங்கள்.

ஆற்றங்கரையில் புல்வெளி, நடுவில் கல் கோபுரங்கள், பக்கத்திலேயே எதிர்க்கரை ரியான்சோவுக்குப் போகும் சாலைப் பாலம். 1931இலேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். கோபுரத்தை ஒட்டி யாக்கோபுக்கு ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது, கெல்மீரெஸ் காலத்தது. அளவைப் பார்த்து ஏமாறக்கூடாது. கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால், இவ்வளவுதானா என்று தோன்றும். இது அரசன் வாழ்ந்த கோட்டை அல்ல, ஆற்றுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

கோபுரத்தடியில் நின்று மேற்கே பாருங்கள். ரியா திறக்கும் திசை அதுதான், கப்பல் தெரிவதும் அங்கேதான். நாளை எங்கே நிற்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கரை ஓரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில், சற்றே மேடான புல்தரை நல்ல இடம். கழிப்பறை எங்கே, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வெளியே போக இரண்டாவது வழி உண்டா என்று பார்த்துவைத்தால் மறுநாள் அலைச்சல் மிச்சம்.

அப்புறம் எர்போன். கத்தோய்ராவிலிருந்து ஆற்றுக்கு மேலே கொஞ்ச தூரம்தான். பத்ரோன் மிளகாய் என்று உலகமெங்கும் விற்பது இந்த மண்ணில் வந்தது. சின்னப் பச்சை மிளகாயை முழுசாக எண்ணெயில் வதக்கி உப்புக் கல்லைத் தூவித் தருவார்கள். 'சிலது உறைக்கும், சிலது உறைக்காது' என்று அங்கே ஒரு சொலவடை. நம் நாக்குக்கு உறைக்கும் என்று சொன்னதே கொஞ்சம் அதிகம். சனி இரவு கத்தோய்ராவில் நாடகமும் இசையும் இருக்கும். மொழி புரியாவிட்டாலும் போகலாம், ஆனால் ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

ஆறாம் படி: வேடம்

வேடம் கட்டாயமில்லை. கட்டினால் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளலாம். கடைகளில் கொம்பு வைத்த தலைக்கவசம் குவிந்து கிடக்கும், எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள். உண்மையில் வைக்கிங் போர்வீரர் கொம்பு வைத்துக்கொண்டதே இல்லை. 1876இல் ஜெர்மனியில் மேடையேறிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வரைந்தவர் கொம்பு வைத்தார், அது அப்படியே உலகத்தில் ஒட்டிக்கொண்டது. கத்தோய்ராக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கொம்பு வேடிக்கைக்கு.

நீங்கள் ஊர்க்காரர் வேடம் போடுங்கள் என்பேன். முழங்கால் வரை வரும் முரட்டுப் பருத்தி அங்கி, இடுப்பில் கயிறு, தலையில் ஒரு துணி. செலவு குறைவு, ஆகஸ்ட் வெயிலில் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு வேக வேண்டியதில்லை, கூட்டத்தில் கொம்பு குத்தாது. ஆயிரம் வைக்கிங்குகளுக்கு நடுவில் நாலு விவசாயிகளைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் தாமாக வந்து பேசுவார்கள்.

கப்பலில் ஏற முடியுமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது. அதில் வருபவர்கள் அதற்கென்றே தயாராகும் உள்ளூர்க் குழுவினர். துடுப்புப் போடத் தெரிய வேண்டும், சேற்றில் குதித்துக் காலை உடைத்துக்கொள்ளாமல் எழத் தெரிய வேண்டும். கப்பல்களும் அட்டைப் பெட்டியால் ஆனவை அல்ல. வைக்கிங் கப்பல்களின் வடிவத்தில், டென்மார்க்கில் பார்த்துப் படித்துக்கொண்டு வந்து கட்டிய மரக்கலமும் அவற்றில் உண்டு. அதன் பெயரே கோபுரங்களின் பெயர்தான். படையெடுத்து வரும் கப்பலுக்குக் கோட்டையின் பெயர்! டென்மார்க்கின் ஃபிரெடெரிக்சுண்ட் நகரம் இந்த ஊரோடு சகோதர ஊராகக் கைகோத்திருக்கிறது. அங்கே 1952 முதல் வைக்கிங் நாடக விழா நடக்கிறது.

பையில் வைக்க வேண்டியவை: தண்ணீர், தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, மெல்லிய மழைச்சட்டை (கலீசியாவில் ஆகஸ்டிலும் மழை வரும்), தண்ணீர் புகாத பை, செல்போனுக்குப் பிளாஸ்டிக் உறை, மாற்று உடை ஒன்று, கொஞ்சம் சில்லறை யூரோ. காலுக்குப் பட்டை வைத்த செருப்பு அல்லது பழைய ஷூ. ரப்பர் செருப்பு போட்டால் சேறு பிடுங்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையும் நல்ல கேமராவும் அறையிலேயே இருக்கட்டும்.

ஏழாம் படி: ஞாயிறு

பத்து மணிக்குள் இடத்தில் இருங்கள். கடிகாரத்தை நம்பி ஏமாறாதீர்கள். கலீசியா ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருந்துகொண்டு மத்திய ஐரோப்பிய நேரத்தை வைத்திருக்கிறது. அதனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 2:40 வாக்கில், மறைவது இரவு பத்துக்குச் சற்று முன். மதியம் என்று அவர்கள் சொல்லும் நேரத்தில் வெயில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

காலையில் காய்தா வாசிப்பவர்கள் வருவார்கள். காய்தா என்பது அந்த ஊர்ப் பை நாதசுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் பையில் காற்றை அடைத்து வாசிப்பது, மேளத்தோடு சேர்ந்து வரும். சந்தைக் கடைகள், பொம்மை வாளோடு ஓடும் பிள்ளைகள் என்று நேரம் போய்விடும்.

பிறகு மேற்கே பாய் தெரியும்.

கரையில் ஒரு மாதிரியான அமைதி வந்து, உடனே கலையும். கப்பல் நெருங்க நெருங்க அதிலிருப்பவர்கள் கேடயத்தைத் தட்டிக் கத்துவார்கள். இந்த நேரத்தில் எல்லோருடைய செல்போனும் கப்பலைப் பார்த்து இருக்கும். நீங்கள் தலையைத் திருப்புங்கள். கரையில் நிற்கும் ஊர்க்காரர்களைப் பாருங்கள். இவர்கள் காத்திருக்கிறார்கள். இந்த விழாவில் நடிப்பு அதிகம் தேவைப்படுகிற வேலை அதுதான். வருகிறவன் கத்தினால் போதும், நிற்கிறவன் ஓடாமல் நிற்க வேண்டும். 968இல் ஆயர் சிஸ்னாந்தோவோடு போனவர்களில் எத்தனை பேர் ஏர் பிடித்த கையோடு போனார்களோ.

இறங்கியதும் எல்லாம் ஒன்றாகிவிடும். சேறு, கூச்சல், புகை, பீப்பாய் பீப்பாயாக ஒயின். முகத்தில் கரி பூசியவன் யார், அங்கி போட்டவன் யார் என்று அடையாளம் தெரியாது. பார்வையாளர்கள் மேலும் ஒயின் வந்து விழும், சில சமயம் உங்களையும் இழுத்துத் தூக்கிக்கொண்டு போக வருவார்கள். பிடிக்கவில்லையென்றால் கையை விரித்துக் காட்டித் தலையாட்டினால் விட்டுவிடுவார்கள். அது வேண்டவே வேண்டாம் என்றால் மேட்டை விட்டு இறங்காதீர்கள். குழந்தைகள் மேட்டில்தான் இருக்க வேண்டும், ஒயினுக்காக அல்ல, நெரிசலுக்காக. கண்ணாடி அணிந்தவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எண் 112.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி: கோபுரங்கள் தென்கரையில். ஆற்றைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். கப்பலுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும். கோபுரத்தையும் ஆட்களையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் எதிர்வெயில் அடிக்கும், மாலைவரை பொறுத்திருங்கள்.

சண்டை கோபுரத்தடியில் வந்து முடிகிறது. கோட்டை விழாது. வெற்றி யாருக்கு என்று ஒருவரும் அறிவிக்க மாட்டார்கள், அறிவித்தாலும் காதில் விழாது. கொள்ளைக்காரனும் காவலாளியும் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கடையைப் பார்த்து நடப்பார்கள். இருவரும் ஒரே ஊர், அநேகமாக ஒரே தெரு.

எட்டாம் படி: சாப்பாடு

அரோசா ரியா முழுக்க மிதக்கும் தெப்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் 'பதேயா' என்று பெயர். தெப்பத்திலிருந்து கயிறு தொங்கவிட்டு மஸல் என்ற கருப்புச் சிப்பியை வளர்க்கிறார்கள். கலீசியாவில் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தெப்பங்களில் பெரும்பங்கு இந்த ரியாவில்தான். ஆகவே சிப்பியை விட்டுவிட்டு வேறு எதையும் முதலில் கேட்காதீர்கள். வெறும் ஆவியில் வெந்தது, எலுமிச்சை பிழிந்து. அடுத்து ஆக்டோபஸ்: வேகவைத்துக் கத்தரியால் துண்டு போட்டு, மரத்தட்டில் பரப்பி, ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் கல் உப்பும் போட்டுத் தருவார்கள். உல்யா கரையின் ஒயினைக் குடிக்கலாம், குடிக்காவிட்டாலும் உடம்பெல்லாம் அதன் வாசனைதான்.

சைவம் என்றால் முன்யோசனை வேண்டும். 'எம்பனாதா' என்ற அடைத்த ரொட்டியில் பெரும்பாலும் மீனோ இறைச்சியோ இருக்கும், காய்கறிச் சூப் போலத் தெரியும் 'கால்தோ'வில் பன்றிக் கொழுப்பு சேரும். வதக்கிய பத்ரோன் மிளகாய், ரொட்டி, 'தெதில்யா' பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றை நம்பலாம். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு 'தொர்தில்யா'வும் பாதாம் போட்ட சாந்தியாகோ கேக்கும் உண்டு. கடைக்காரரிடம் நன்றி சொல்லும்போது 'கிராசியாஸ்' என்று ஸ்பானிஷில் சொல்வதைவிடக் 'கிராசாஸ்' என்று கலீசிய மொழியில் சொல்லிப் பாருங்கள், தட்டில் கூடுதலாக ஒரு சிப்பி விழலாம்.

ஒன்பதாம் படி: திரும்புவது

சாயங்காலம் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அல்லது இரவு இசை முடியும்வரை இருங்கள். நடுவில் கிளம்புகிறவர்கள்தான் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள். மாற்று உடை இல்லாமல் ரயிலில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார், அது நியாயமும்தான்.

அறைக்கு வந்ததும் ஒயின் பட்ட துணியைக் குளிர்ந்த தண்ணீரில் உடனே போடுங்கள், வெந்நீர் வேண்டாம், கறை பிடித்துக்கொள்ளும். சேறு நேர்மாறு. ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். ஷூவை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் காய்ந்ததும் தட்டினால் கட்டி கட்டியாக உதிர்ந்துவிடும்.